மேகக் கணினியும் காப்புநகலும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளை இழவாமல் காத்தல் அதனினும் அரிது. நெல்லை விளைவித்த உழவன் குதிர் அமைத்தான். பொன்னைச் சேர்த்த வணிகன் பெட்டகம் செய்தான். எழுத்தைச் செல்வமாகக் கொண்ட புலவரோ வேறொரு வழியைக் கண்டனர். நெல்லையும் பொன்னையும் போலன்றி, எழுத்தைப் பெயர்த்தெழுதிப் பலவாக்கலாம். பலவாக்கிய பின்னும் மூலம் குறைவதில்லை. ஓர் ஊரில் இருந்த ஏட்டைச் செல் அரித்தாலும், மற்றோர் ஊரில் இருந்த ஏடு நூலைக் காத்தது. படி எடுக்கப்பெறாத நூல்களோ பெயர் மட்டும் எஞ்ச மறைந்தொழிந்தன.

இக்காலத்தில் எழுத்து ஓலையை விட்டுத் தாளுக்கும், தாளை விட்டுக் கணினிக்கும் பெயர்ந்துவிட்டது. மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பு, வங்கியில் குடிமக்களின் வைப்புக் கணக்கு, பள்ளியில் மாணவரின் மதிப்பெண், அலுவலகத்தில் நிலவுரிமைப் பதிவு ஆகிய யாவும் இன்று கணினியில் உறைகின்றன. அக்கணினிகளும் பலவிடத்து அந்தந்த அலுவலகத்தில் இருப்பதில்லை. நெடுந்தொலைவில் உள்ள பெருநிலையங்களில் வாடகைக்கு அமர்த்தப்பெற்றுள்ளன. அவற்றுக்குக் காப்புநகல் அமைக்கும் முறை யாது? எந்த நகல் உண்மையில் காக்கும்? எந்த நகல் காப்பது போலத் தோன்றி, வேண்டிய வேளையில் கைவிடும்? இவற்றை அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் இன்றியமையாதது.

மெய்நிகர் கணினி

ஒரு பெருமாளிகையைத் தனித்தனி மனைகளாகப் பகுத்துப் பல குடும்பங்களைக் குடியமர்த்துதல் உண்டு. அது போலவே ஆற்றல் மிக்க ஒரு கணினியையும் பல கணினிகளாகப் பகுத்துப் பயன்படுத்தலாம். அவ்வாறு பகுத்தளிக்கும் மென்பொருளுக்கு 'ஹைப்பர்வைசர்' என்பது பெயர். அது பெருங்கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகிய மூன்றையும் பங்கிட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு பங்கும் தனக்கென ஓர் இயக்க மென்பொருளைக் கொண்டு தனிக்கணினியே போலத் தொழிற்படும். ஆதலின் அதனை 'மெய்நிகர் கணினி' என்று வழங்குவர். இக்கருத்துப் புதியதன்று. அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே 'வி.எம்./370' என்னும் இத்தகைய அமைப்பை வெளியிட்டது. 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை இணையத்தின் வழியே மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட், கூகுள் முதலிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இம்முறை 'மேகக் கணிமை' எனப் பெயர் பெற்றது.

மேகம் என்னும் பெயரைக் கேட்டு, அது வானில் மிதப்பது என்றும், ஆதலின் அழிவற்றது என்றும் எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. மேகக் கணினி என்பது மண்மேல் எழுந்த ஒரு கட்டடத்தினுள் இருப்பது. அக்கட்டடத்துக்குச் சுவர் உண்டு, மின்கம்பி உண்டு, மின்கலம் உண்டு. எனவே தீயும் வெள்ளமும் அங்கும் நுழையும். அன்றியும், வாடகைக்கு விடுவோர் கட்டடத்தையும் பொறிகளையும் பேணும் பொறுப்பையே ஏற்கின்றனர். உள்ளே வைத்த தரவுக்குக் காப்புநகல் அமைக்கும் பொறுப்பு, பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவரையே சாரும். வீட்டுக்குரியவர் கூரையைப் பழுது பார்ப்பார். குடியிருப்பவரின் நகைக்கு அவர் பூட்டு வாங்கித் தாரார் அன்றோ?

நிழலும் நகலும்

காப்புநகல் பற்றிய முதற்பிழை, நிழலை நகலெனக் கொள்ளுதல். பல நிறுவனங்கள் ஒரே தரவை இரண்டு கணினிகளில் ஒருங்கே வைக்கின்றன. முதற்கணினியில் எழுதுவது யாதாயினும் அது நொடிப்பொழுதில் இரண்டாவதிலும் எழுதப்படும். முதலாவது பழுதானால் இரண்டாவது உடனே பணியை ஏற்கும். இதனால் பெரும்பயன் உண்டு; ஆயினும் இது காப்புநகல் ஆகாது. ஏனெனின், முதற்கணினியில் ஒருவர் தவறுதலாகக் கோப்பொன்றை அழித்தால், அவ்வழிவும் நொடிப்பொழுதில் இரண்டாவதைச் சென்றடையும். மனிதன் விழுந்தால் நிழலும் உடன் விழும். காப்புநகலோ, முன்பு இருந்த நிலையை மாறாமல் வைத்திருப்பது. பின்னர் நேர்ந்த பிழை அதனைத் தீண்டுவதில்லை.

நிலைப்பதிவு

மெய்நிகர் கணினிக்கு ஒரு நன்மை உண்டு. அதன் வட்டு முழுவதும் உண்மையில் ஒரு தரவுத் தொகுதியே. ஆகையால் இயக்க மென்பொருள், அமைப்புகள், கோப்புகள் ஆகிய யாவற்றையும் ஒருசேரப் படியெடுக்க இயலும். ஒரு குறித்த நொடியில் அவ்வட்டு எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையைப் பதிந்து வைத்தலை 'ஸ்நாப்ஷாட்' என்பர். அதனைத் தமிழில் நிலைப்பதிவு எனலாம்.

நாள்தோறும் வட்டு முழுவதையும் படியெடுத்தால் இடமும் பணமும் மிகுதியாகச் செலவாகும். ஆதலின் முதல் நாள் மட்டும் முழு வட்டையும் பதிவர்; பின்னர் நாள்தோறும் மாறிய பகுதிகளை மட்டும் பதிவர். எடுத்துக்காட்டாக, ஒரு வட்டில் 100 ஜிகாபைட் தரவு உள்ளது எனவும், நாள்தோறும் 2 ஜிகாபைட் அளவே மாறுகிறது எனவும் கொள்வோம். முப்பது நாளும் முழுமையாகப் படியெடுத்தால் 3,000 ஜிகாபைட் இடம் வேண்டும். மாறியவற்றை மட்டும் பதிந்தால், முதல் நாளுக்கு 100, ஏனைய 29 நாளுக்கு 58, ஆக 158 ஜிகாபைட் இடமே போதும். எனினும் முப்பது நாளில் எந்நாளின் நிலையையும் மீட்கலாம்.

இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கணக்கர் ஒருவர் பற்றை எழுதிவிட்டார். வரவை இன்னும் எழுதவில்லை. அந்நொடியில் பேரேட்டைப் படம் பிடித்தால் படம் தெளிவாகவே இருக்கும், கணக்கோ பொருந்தாது. கணினியிலும் அவ்வாறே. எழுத வேண்டிய செய்தியிற் சில நினைவகத்தில் நிற்க, சில மட்டும் வட்டை அடைந்திருக்கும். அவ்வேளையில் எடுத்த நிலைப்பதிவு குறையுடையதாகலாம். ஆதலின் தரவுத்தளங்களைத் தாங்கும் கணினிகளில், பதிவுக்குச் சற்று முன்னர் நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதச் செய்து, எழுதுதலைச் சில நொடி நிறுத்தி, அதன் பின்னரே நிலைப்பதிவு எடுத்தல் வேண்டும்.

கால எல்லைகள்

காப்புநகல் அமைக்கத் தொடங்குவோர் முதலில் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். எவ்வளவு நேரத்து உழைப்பை இழக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்தில் மீண்டெழ வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு மருத்துவமனையின் கணினிக்கு நள்ளிரவுதோறும் நகல் எடுக்கப்படுகிறது எனக் கொள்வோம். மாலை 6 மணிக்கு அது பழுதானால், 18 மணி நேரத்துக் குறிப்புகள் யாவும் தொலையும். அன்று யார்க்கு எம்மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அறிய வழியிராது. நான்கு மணிக்கு ஒருமுறை நகல் எடுத்தால், இழப்பு நான்கு மணி நேரத்துக்கு மேற்படாது. ஒரு சங்கத்தின் அறிவிப்புப் பக்கத்துக்கோ வாரம் ஒருமுறை நகல் எடுப்பினும் போதும். பொருளின் அருமைக்கு ஏற்பவே காவலும் அமைதல் வேண்டும்.

எடுத்த நகல்களை எவ்வளவு காலம் வைத்தல் வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. பிழைகள் யாவும் அன்றன்றே புலப்படுவதில்லை. கணினிக்குள் புகுந்த தீய மென்பொருள் பல வாரங்கள் அடங்கியிருந்து பின்னர்த் தன் வேலையைக் காட்டுதலும் உண்டு. அப்பொழுது நேற்றைய நகலும் முந்தைய நாள் நகலும் நோயுற்றனவாகவே இருக்கும். இதற்காகத் தலைமுறை முறையைக் கையாளுவர். ஏழு நாட்களின் நகல் ஏழு, நான்கு வாரங்களின் நகல் நான்கு, பன்னிரண்டு திங்களின் நகல் பன்னிரண்டு, ஆக 23 நகல்களை வைத்துக்கொண்டு, பழையனவற்றை முறைப்படி கழிப்பர். நாள் நகல் மகன், வார நகல் தந்தை, திங்கள் நகல் பாட்டன் எனக் கொண்டு இதனைப் 'பாட்டன் தந்தை மகன்' முறை என்றே கணினியாளர் வழங்குகின்றனர்.

இடத்தால் பிரித்தல்

பிரெஞ்சு நாட்டின் கிழக்கெல்லையில், ரைன் ஆற்றின் கரையில் உள்ளது ஸ்ட்ராஸ்பர்க் நகர். அங்கு ஓ.வி.எச். கிளவுட் என்னும் நிறுவனத்தின் தரவு மையங்கள் நான்கு ஒரே வளாகத்தில் இருந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. ஐந்து தளங்களைக் கொண்ட அக்கட்டடம் முழுவதும் எரிந்தது. அருகிருந்த மற்றொரு மையத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் பல்லாயிரம் நிறுவனங்களின் இணையத்தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. வேறு நகரில் நகல் வைத்திருந்தோர் மெல்ல மீண்டனர். அவ்வளாகத்திலேயே நகல் வைத்திருந்தோரிற் பலர் மூலத்தையும் நகலையும் ஒருங்கே இழந்தனர். 'ரஸ்ட்' என்னும் இணைய விளையாட்டின் 25 ஐரோப்பியச் சேவையகங்களில் இருந்த தரவு திரும்பப் பெற இயலாதவாறு அழிந்தது.

இதனினும் பெரிய இழப்பு, 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தென்கொரிய நாட்டின் தேஜான் நகரில் நேர்ந்தது. அங்குள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்தில் பற்றிய தீ, அரசு ஊழியர்களின் பணிக்கோப்புகளைத் தாங்கிய சேமிப்பகத்தை அழித்தது. அதில் இருந்த தரவு 858 டெராபைட். ஒரு டெராபைட் என்பது ஏறத்தாழ ஆயிரம் ஜிகாபைட். அளவு மிகப் பெரிது என்பதைக் காரணமாகக் கொண்டு, அதற்கு வெளியிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. மிகப் பெரியதாகையால் காக்க இயலாது என்று விடப்பட்டது, இழந்த பின்னரும் மிகப் பெரிய இழப்பாகவே நின்றது.

இத்தகைய இடர்களை எண்ணியே, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பவர் '3-2-1' என்னும் விதியைப் பரப்பினார். தரவு மூன்று படிகளாக இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சேமிப்புப் பொருள்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. மேகக் கணினிகளை வாடகைக்கு விடுவோர் பல நகரங்களில் மையங்கள் வைத்துள்ளனர். ஆதலின் மும்பையில் இயங்கும் கணினியின் நகலை ஐதராபாத்தில் வைத்தல் அரிய செயலன்று. அமைப்புப் பக்கத்தில் வேற்று நகரைத் தேர்ந்து குறித்தாலே போதும்.

திறவுகோலால் பிரித்தல்

இடம் பிரிந்தால் மட்டும் போதாது. திறவுகோலும் பிரிதல் வேண்டும். பெட்டகங்கள் பத்து இருப்பினும் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி எனின், அச்சாவியைப் பெற்ற கள்வனுக்கு அவை ஒரே பெட்டகமாகும். 'கோட் ஸ்பேசஸ்' என்னும் நிறுவனத்தின் கதை இதனைக் காட்டும். அந்நிறுவனம் மென்பொருள் எழுதுவோரின் ஆக்கங்களைத் தன் மேகக் கணினிகளில் வைத்துக் காத்து வந்தது. 2014ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒருவன் அதன் மேகக் கணக்கினுள் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்ற முற்பட்டதைக் கண்டதும், முன்னரே தான் அமைத்து வைத்திருந்த வேறு வழிகளால் உட்புகுந்து அழிக்கத் தொடங்கினான். கணினிகளும் நிலைப்பதிவுகளும் சேமிப்புகளும் அந்த ஒரே கணக்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அவற்றுள் பெரும்பகுதி ஒழிந்தது. அந்நிறுவனம் அத்துடன் தன் தொழிலையே நிறுத்திவிட்டது.

ஆதலின், நகல்களை வேறொரு கணக்கில், வேறு கடவுச்சொல்லின் கீழ் வைத்தல் வேண்டும். நாள்தோறும் கணினியை இயக்குவோர்க்கு நகலை அழிக்கும் உரிமை வழங்குதல் ஆகாது. குறித்த காலம் முடியும்வரை எவராலும் மாற்றவோ அழிக்கவோ இயலாதவாறு நகலைப் பூட்டி வைக்கும் வசதியும் இன்று உண்டு. அதனைப் பயன்கொள்ளுதல் நன்று. நகலில் உள்ளதைப் பிறர் படிக்காவண்ணம் மறைகுறியாக்கி வைப்பதும் முறையே. ஆனால் அம்மறைகுறியின் திறவுகோலை, காக்கப்பெறும் கணினியின் உள்ளேயே வைத்துவிட்டால், கணினி அழியும்போது திறவுகோலும் அழியும். நகல் இருந்தும் இல்லாததே ஆகும்.

மீட்டுப் பார்த்தல்

மேற்கூறிய யாவற்றையும் செய்தோர்க்கும் இறுதியாக ஒரு கடமை உண்டு. பலரும் மறக்கும் கடமை அதுவே. ஏடு பெயர்த்தெழுதியவர் எழுதி முடித்ததும் கட்டி வைத்துவிடுவதில்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் படியைப் பார்த்து ஒப்புநோக்கிய பின்னரே அது படியென மதிக்கப்பெறும். கணினி நகலுக்கும் அத்தகைய சோதனை வேண்டும்.

கிட்லேப் என்னும் நிறுவனம் உலகெங்கும் உள்ள மென்பொருளாளரின் ஆக்கங்களைப் பேணி வருவது. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு, அதன் பொறியாளர் ஒருவர் நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்தார். இரண்டாம் தரவுத்தளக் கணினியில் உள்ள கோப்புகளை நீக்குவதாக எண்ணி, முதற்கணினியில் அழிப்பாணையைக் கொடுத்துவிட்டார். பிழையை உணர்ந்து ஓரிரு நொடியில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது.

நிறுவனத்தார் காப்புநகல்களை நாடினர். நாள்தோறும் நகலெடுக்கும் நிரல் ஒன்று இருந்தது; ஆனால் தரவுத்தளம் புதிய பதிப்பாகவும் நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பாகவும் இருந்தமையால், அந்நிரல் தோற்றுக்கொண்டே இருந்தது. நகல் சேர வேண்டிய சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தனர்; அது வெறுமையாக இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டே வந்தன. அவை ஏற்கப்படாமல் தடுக்கப்பட்டமையால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் நிலைப்பதிவு வசதி, தரவுத்தளக் கணினிகளுக்கு அமைக்கப்படவே இல்லை. காவலர் பலர் இருந்தனர். விழித்திருந்தவர் எவரும் இலர். இறுதியில், ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் தற்செயலாகத் தம் கையால் எடுத்திருந்த நிலைப்பதிவே உதவியது. சேவை மீள ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தின் பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் நிகழ்ந்தது யாவற்றையும் மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தது. அந்நேர்மையால் பிறரும் பாடம் பெற்றனர்.

மீட்டுப் பார்க்கும் முறை கடினமானதன்று. மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும், நகல் ஒன்றைக்கொண்டு புதிய மெய்நிகர் கணினி ஒன்றைத் தனியே எழுப்புதல் வேண்டும். அது இயங்குகிறதா, கோப்புகள் திறக்கின்றனவா, பதிவுகளின் எண்ணிக்கை மூலத்தோடு ஒக்கிறதா என்று நோக்குதல் வேண்டும். மீட்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். சோதனை முடிந்தபின் அக்கணினியை நீக்கிவிடலாம். வாடகை சில மணி நேரத்துக்கே ஆகும். மீட்கும் வழியைப் படிப்படியாக எழுதி, அக்கணினிக்கு வெளியே வைத்தலும் வேண்டும். தீப்பற்றிய வேளையில் கிணறு வெட்டத் தொடங்கினால் பயன் யாது?

முடிவு

காப்புநகல் அழிவைத் தடுப்பதில்லை. அழிவுக்குப் பின் எழுந்து நிற்கும் ஆற்றலைத் தருகிறது. 2024ஆம் ஆண்டு மேத் திங்களில், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணினிகள் திடுமென அழிந்தன. கூகுள் நிறுவனத்தில் அவற்றை அமைத்தபோது ஒரு குறிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டது. அதனால் ஓராண்டுத் தவணை தானாக ஏற்பட்டு, தவணை முடிந்ததும் யாவும் நீங்கின. ஆயின் அந்நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் தனியே காப்புநகல் வைத்திருந்தது. சில நாட்கள் உறுப்பினர் தம் கணக்கைக் காண இயலாது வருந்தினர். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் சேவை முழுவதும் மீண்டது. முதியோர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளுக்கு ஊறு நேரவில்லை.

எனவே, நகல் உண்டு என்று கூறி அமைதல் போதாது. அது மூலத்தினின்றும் இடத்தால் பிரிந்ததா, திறவுகோலால் பிரிந்ததா, மீட்டுப் பார்க்கப்பெற்றதா என்னும் மூன்று வினாக்களுக்கும் 'ஆம்' என்று விடை கூற இயலுதல் வேண்டும். கணினியில் உறைவது எழுத்தும் எண்ணுமே எனினும், அவற்றின் பின்னால் நோயாளியின் உயிரும், தொழிலாளியின் ஊதியமும், மாணவரின் எதிர்காலமும் நிற்கின்றன. அவற்றைக் காக்கும் பணியை ஏற்றோர், இடர் வருவதற்கு முன்னரே அம்மூன்றையும் செய்து முடித்தல் கடமையாகும்.